யாருடைய ரத்தம், எந்தக் கேள்வி? புற்றுநோய்க் குறிப்பான் சோதனைகள் குறித்து

மாஸ்டர் ஹெல்த் செக்கப் பட்டியல்களில் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு ஆகியவற்றோடு இப்போது 'கேன்சர் மார்க்கர்' என்று தனியாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது. பெண்களுக்கு சி.ஏ. 125, ஆண்களுக்கு பி.எஸ்.ஏ., இரு பாலருக்கும் சி.இ.ஏ.; கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் சி.ஏ. 19-9, ஏ.எஃப்.பி. எல்லாம் உண்டு. எப்படியும் ஊசி போடத்தான் போகிறார்கள், இன்னொரு குப்பி ரத்தம் கொடுத்தால் புற்றுநோய் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையில், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் இதற்குப் பணம் கட்டுகிறார்கள். இதே சோதனைகள்தான், இதே கருவிகளில், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களுக்கும் செய்யப்படுகின்றன. இரண்டு ரிப்போர்ட்டிலும் வரும் எண் ஒன்றாகவே இருக்கலாம். அதற்குப் பொருள் ஒன்றாக இருப்பதில்லை. இந்தச் சோதனைகளைப் பற்றி 60 ஆண்டுகளாக நடந்திருக்கும் ஆய்வுகளைத் திரும்பிப் பார்த்தால் மறுபடி மறுபடி கண்ணில் படுவது இந்த வேறுபாடுதான். ரத்தம் யாருடையது, எந்தக் கேள்விக்காக எடுத்தது என்பதை வைத்தே அந்த எண் பயன்படுகிறது, அல்லது தீங்கு செய்கிறது.

பயன்பட்ட கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் பெதஸ்டாவில் உள்ள தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 1956இல் மின் சியு லீ என்ற மருத்துவர், ராய் ஹெர்ட்ஸ் என்பவரோடு சேர்ந்து, கோரியோகார்சினோமா வந்த பெண்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நஞ்சுக்கொடித் திசுவில் தோன்றி நுரையீரலுக்குப் பரவும் இந்தப் புற்று அந்தக் காலத்தில் வந்தால் உயிரோடு மீள்வது அரிது. மருந்து கொடுத்ததும் எக்ஸ்ரேயில் கட்டிகள் மறைந்தன. நோயாளிகளும் தெம்பாக நடமாடினார்கள். எல்லோரும் அத்தோடு மருந்தை நிறுத்தச் சொன்னபோது லீ மட்டும் நிறுத்தவில்லை. இந்தப் புற்று எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரக்கும். கட்டி கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் அந்த ஹார்மோன் துளியளவு மிஞ்சியிருந்தது. அது முழுவதும் மறையும்வரை லீ மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். உடம்பில் நோயே தெரியாதவர்களுக்கு நச்சு மருந்து கொடுக்கிறார் என்று நிறுவனம் அவரை வேலையை விட்டு அனுப்பியது. பின்னால் பார்த்தபோது, பாதியில் நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பியிருந்தது. ஹார்மோன் மறையும்வரை சிகிச்சை பெற்றவர்கள் பிழைத்திருந்தார்கள். பரவிவிட்ட திண்மப் புற்றை மருந்தால் மட்டுமே குணப்படுத்தியதற்கு முதல் சான்று அது. 1972இல் லாஸ்கர் விருது பெற்றவர்களில் லீயும் ஒருவர். இன்றைக்கும், இந்தப் புற்றாக மாறக்கூடிய முத்துப்பிள்ளைக் கர்ப்பம் (மோலார் பிரெக்னன்சி) கலைந்த பெண்களுக்கு வாரந்தோறும் எச்.சி.ஜி. பார்ப்பது அந்தப் பாடத்தின் தொடர்ச்சி.

எச்.சி.ஜி. அங்கே அவ்வளவு துல்லியமாக வேலை செய்யக் காரணம் இருக்கிறது. அந்தக் கட்டி அதை ஏராளமாகச் சுரக்கிறது. கர்ப்பம் இல்லாத, நலமான உடம்பில் எதுவும் அந்த அளவுக்குச் சுரப்பதில்லை. இப்படி ஒரு குறிப்பான் ஒவ்வொரு புற்றுக்கும் கிடைத்துவிடும் என்று அறிவியல் உலகம் நம்பிய காலமும் உண்டு. 1840களிலேயே லண்டனில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் மயலோமா நோயாளியின் சிறுநீரில் ஒரு விசித்திரப் புரதத்தைக் கண்டு எழுதியிருந்தார். 1963இல் மாஸ்கோவில் காரி அபேலெவ், கல்லீரல் கட்டியுள்ள எலிகளின் ரத்தத்தில் கருவில் மட்டுமே இருக்க வேண்டிய ஏ.எஃப்.பி. புரதத்தைக் கண்டார். 1965இல் மான்ட்ரியாலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃபிரீட்மனும் பெருங்குடல் புற்றில் சி.இ.ஏ.யைக் கண்டுபிடித்தபோது உற்சாகம் உச்சத்துக்குப் போனது. குடல் புற்றுக்கு ஒரு ரத்தச் சோதனை வந்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள்.

அந்த நம்பிக்கை சில ஆண்டுகளிலேயே தளர்ந்தது. புகைபிடிப்பவர்கள், கல்லீரல் கெட்டவர்கள், குடல் அழற்சி உள்ளவர்கள் ஆகியோரின் ரத்தத்திலும் சி.இ.ஏ. கூடியிருந்தது. ஆரம்பநிலைக் குடல் புற்று உள்ளவர்களில் பெரும்பாலோருக்கோ அது சாதாரண அளவிலேயே இருந்தது. கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் மௌனம், வேண்டாத இடத்தில் கூச்சல். பின்னால் வந்த எல்லாக் குறிப்பான்களுக்கும் இந்தக் குறை ஏதோ ஓர் அளவில் உண்டு. 1981இல் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் கண்டுபிடித்த சி.ஏ. 125 சினைப்பைப் புற்றில் ஏறும். மாதவிலக்கின்போதும் ஏறும். கர்ப்பத்தில், எண்டோமெட்ரியோசிஸில், நார்க்கட்டியில், இதயச் செயலிழப்பில், கல்லீரல் சுருக்கத்தில் ஏறும். கணையப் புற்றுக்குப் பார்க்கும் சி.ஏ. 19-9, பித்தப்பைக் கல் குழாயில் அடைத்து மஞ்சள் காமாலை வந்தாலே எகிறிவிடும். அதே சமயம், 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு இந்தப் பொருளைத் தயாரிக்கும் மரபணுத் தன்மையே கிடையாது. அவர்களுக்குக் கணையம் முழுவதும் புற்று பரவியிருந்தாலும் ரிப்போர்ட்டில் நார்மல் என்றுதான் வரும்.

நம் ஊருக்கு இதில் தனியாக ஒரு கவலை உண்டு. வயிற்றுக்குள் காசநோய் வந்தால் உள்சவ்வு முழுவதும் அழற்சி கண்டு நீர் கோத்துக்கொள்கிறது, உடல் மெலிகிறது, ஸ்கேனில் சினைப்பை அருகே கட்டிபோலத் தெரிகிறது. சி.ஏ. 125 சில நூறுகளைத் தாண்டியும் போகலாம் (இயல்பு அளவு 35 வரை). முற்றிய சினைப்பைப் புற்றின் படமும் அச்சு அசலாக இதுதான். காசநோய் பரவலாக உள்ள நாடுகளின் மருத்துவ இதழ்களில், புற்று என்று வயிற்றைத் திறந்து காசநோயைக் கண்ட நோயாளிகளின் விவரங்கள் தொடர்ந்து வருகின்றன. சில மாத மாத்திரையில் குணமாகும் நோய் அது. திசுவை எடுத்துப் பார்க்காமல் இந்த எண்ணை மட்டும் வைத்துப் புற்று என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

சரி, நல்ல உடல்நிலையில் உள்ளவருக்குப் பார்த்தால் என்ன கெட்டுவிடும்? இதற்குப் பதில் ஓர் எளிய கணக்கில் இருக்கிறது. மாதவிலக்கு நின்ற 10,000 பெண்களை எடுத்துக்கொள்வோம். மேலை நாட்டுக் கணக்குப்படி இவர்களில் சுமார் 4 பேருக்குச் சினைப்பைப் புற்று இருக்கலாம். சோதனை அதில் 3 பேரைப் பிடித்துவிடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நோய் இல்லாதவர்களில் 98 விழுக்காட்டினருக்குச் சரியாக நார்மல் என்று சொல்லும் என்றும் வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீதி 2 விழுக்காடு என்பது 200 பெண்கள். அளவு கூடியிருக்கிறது என்று கலங்கி நிற்கும் 203 பேரில் 3 பேருக்குத்தான் நோய். சோதனை துல்லியமாக இருந்தும் கூட, நோய் அரிதாக உள்ள கூட்டத்தில் பிழைகளே பெரும்பான்மை ஆகிவிடுகின்றன. அதே சோதனையை, வயிற்றில் கட்டியோடு வந்த 100 பெண்களிடம் செய்தால் கணக்கே மாறிவிடும். அங்கே கூடிய அளவு பெரும்பாலும் மெய்யாக இருக்கும்.

அந்த 200 பேருக்கு நேர்வது கலக்கம் மட்டும் என்றால் பரவாயில்லை. சினைப்பையில் சந்தேகம் வந்தால் ஊசி விட்டுத் திசு எடுப்பதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். புற்றணுக்கள் வயிற்றுக்குள் சிந்திவிடலாம் என்ற அச்சம். ஆகவே உறுதி செய்ய அறுவை சிகிச்சைக்கே போக நேர்கிறது. அமெரிக்காவில் 78,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த பி.எல்.சி.ஓ. ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. சி.ஏ. 125ஐயும் ஸ்கேனையும் ஆண்டுதோறும் செய்ததில் 3,285 பெண்களுக்குத் தவறான எச்சரிக்கை வந்தது. அவர்களில் 1,080 பேர் அறுவை சிகிச்சைக்கு உள்ளானார்கள். அதில் 163 பேருக்கு ஒரு கடுமையான பின்விளைவாவது ஏற்பட்டது. இத்தனைக்குப் பிறகும் சினைப்பைப் புற்றால் இறந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. புற்றே இல்லாத பெண்களை வெட்டிப் பார்த்த இந்தக் கணக்கைத்தான், பேக்கேஜ் விளம்பரம் படிக்கும் ஒவ்வொருவருக்கும் யாராவது சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்க ஆய்வில் முறை சரியில்லையோ என்று பிரிட்டனில் இன்னும் நுட்பமாகச் செய்து பார்த்தார்கள். 35 என்ற ஒற்றை எல்லையை விட்டுவிட்டு, ஒவ்வொரு பெண்ணின் சொந்த அளவு ஆண்டுக்கு ஆண்டு எப்படி நகர்கிறது என்று கணித்தார்கள். 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள். சராசரியாக 16 ஆண்டுகள் கண்காணிப்பு. 2021இல் வந்த முடிவில், நோய் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்கள் 10 விழுக்காடு குறைந்திருந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் இறப்பு குறையவில்லை. முன்கூட்டிக் கண்டுபிடித்தால் பிழைக்கலாம் என்ற வாசகம் நம் காதுக்கு அவ்வளவு பழகியிருப்பதால் இந்த முடிவு நம்ப முடியாததாகத் தோன்றும். நோயின் இயல்பு முன்பே தீர்மானமாகிவிட்டிருந்தால், நோயை அறிந்த தேதி மட்டும் முன்னால் நகர்கிறது. இறக்கும் தேதி நகர்வதில்லை. அறிந்ததிலிருந்து எண்ணினால் அதிக நாள் வாழ்ந்ததுபோல் தோன்றுவது அதனால்தான்.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. ஜப்பானில் 1980களின் நடுவிலிருந்து ஆறு மாதக் குழந்தைகளுக்கெல்லாம் நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டிக்காகச் சிறுநீர்ச் சோதனை நடந்தது. நிறையக் கட்டிகள் கண்டுபிடிக்கப்பட்டன. குழந்தைகளுக்கு அறுவையும் கீமோவும் நடந்தன. ஆனால் கொடிய வகையில் இறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை அப்படியே இருந்தது. கைக்குழந்தைகளிடம் தோன்றும் இந்தக் கட்டிகளில் பல தாமாகவே கரைந்துவிடும் என்பது பிறகு தெளிவாயிற்று. கனடாவின் கியூபெக்கிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வுகள் 2002இல் இதை உறுதிப்படுத்தின. ஜப்பான் அந்தத் திட்டத்தை நிறுத்தியது. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய நாடு தழுவிய திட்டம் ஒன்றைச் சான்றுகளைப் பார்த்துக் கைவிட ஓர் அரசு துணிந்தது, என் மதிப்பில், பெரிய செயல்.

பி.எஸ்.ஏ. விஷயம் இவ்வளவு கறுப்பு வெள்ளை அல்ல. புராஸ்டேட் சுரப்பி வீங்கினாலும், சிறுநீரில் தொற்று வந்தாலும், குழாய் செருகினாலும் அது ஏறும். வீக்கத்துக்குத் தரும் ஃபினஸ்டெரைடு மாத்திரை அதைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். 4 என்ற எல்லைக்குக் கீழே இருந்த ஆண்களிடமும் திசு எடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 15 விழுக்காட்டினருக்குப் புற்று இருந்தது. இருந்தும் இந்தச் சோதனையால் இறப்பு ஓரளவு குறைகிறது. ஐரோப்பாவின் எட்டு நாடுகளில் 23 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வின் முடிவு 2025இல் வந்தது. புராஸ்டேட் புற்றால் இறப்பது 13 விழுக்காடு குறைந்திருந்தது. இதையே 1,000 பேர் கணக்கில் சொன்னால், சோதனை இல்லாதவர்களில் 16 பேர், சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் 14 பேர். 456 ஆண்களை அழைத்தால் ஓர் இறப்பு தடுக்கப்படுகிறது. மறுபக்கம், வாழ்நாளில் தொந்தரவே தந்திருக்காத புற்றுகள் பல கண்டுபிடிக்கப்பட்டு, சிகிச்சையால் சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் வருகின்றன. அமெரிக்கத் தடுப்புச் சேவைக் குழு 2012இல் இந்தச் சோதனையே வேண்டாம் என்றது. 2018இல் மாற்றி, 55 முதல் 69 வயதுள்ளவர்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கட்டும் என்றது. இந்த வயதில் ஒருவர் வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் அது நியாயமான முடிவே. ஆனால் செக்கப் பேக்கேஜில் சொல்லாமல் கொள்ளாமல் சேர்த்து எடுப்பது அந்தப் பேச்சுக்கே இடம் இல்லாமல் செய்துவிடுகிறது.

ரத்தச் சோதனையால் முன்கூட்டிக் கண்டுபிடிப்பதே வீண் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. யாரைச் சோதிப்பது என்று முதலில் தேர்ந்துகொண்டால் பலன் உண்டு. மூக்குத் தொண்டைப் புற்று தென் சீனத்தில் அதிகம். எப்ஸ்டீன்-பார் வைரஸோடு தொடர்புடையது. ஹாங்காங்கில் டென்னிஸ் லோ குழுவினர் 40 முதல் 62 வயதுள்ள 20,174 சீன ஆண்களின் ரத்தத்தில் அந்த வைரஸின் டி.என்.ஏ.வைத் தேடினார்கள். இருமுறை சோதித்தும் அது நீடித்திருந்தவர்கள் 309 பேர். அவர்களில் 34 பேருக்குப் புற்று. அதில் 71 விழுக்காடு ஆரம்பநிலையில் பிடிபட்டது. வழக்கமாக அது 20 விழுக்காடுதான். நோய் மிகுந்த ஊர், நோய் மிகுந்த பாலினமும் வயதும், நோயோடு நேரடித் தொடர்புள்ள குறிப்பான் என்று எல்லாம் பொருந்தி வந்த இடம் அது. கல்லீரல் சுருக்கமோ நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றோ உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனோடு ஏ.எஃப்.பி. பார்ப்பதும் இந்த வகையே. இவர்கள் அந்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது.

இனி சிகிச்சைக்குப் பிறகான கண்காணிப்பு. குறிப்பான்களின் சொந்த வீடு இதுதான். விதைப்பைப் புற்றில் அதன் அழகைப் பார்க்கலாம். கட்டியுள்ள விதையை எடுத்தபின் ஏ.எஃப்.பி. ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் பாதியாக வேண்டும், எச்.சி.ஜி. ஒன்றரை நாளிலேயே. அந்த வேகத்தில் இறங்கவில்லை என்றால், ஸ்கேனில் எதுவும் தெரியாவிட்டாலும் உடம்பில் எங்கோ புற்று மிஞ்சியிருக்கிறது. நோயின் நிலையை வகைப்படுத்தும்போதே ரத்த அளவைச் சேர்த்துக்கொள்ளும் அரிய புற்று இது. தைராய்டு சுரப்பியை முழுவதும் அகற்றியவருக்குத் தைரோகுளோபுலின் பார்ப்பதும் அப்படியே: சுரக்க உறுப்பே இல்லாதபோது அந்தப் புரதம் ஏறினால், எங்கோ தைராய்டு திசு வளர்கிறது. அதற்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தால் அளவு பொய்யாகக் குறைந்து தெரியும் என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

குடல் புற்றில் சி.இ.ஏ. இரண்டாம் வாழ்வு பெற்றது. அறுவைக்குப் பின் முதல் சில ஆண்டுகள் மூன்றிலிருந்து ஆறு மாத இடைவெளியில் பார்ப்பது இன்று வழக்கம். காரணம், திரும்பி வரும் நோய் கல்லீரலில் ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் இருந்தால் மறுபடி அறுத்து எடுத்துக் குணப்படுத்த வாய்ப்பு உண்டு. இங்கிலாந்தில் 1,202 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், திரும்பிய நோயைக் குணமாக்கும் நோக்கில் அறுவை செய்ய முடிந்தவர்கள், கண்காணிப்பு அதிகம் இல்லாத பிரிவில் 2.3 விழுக்காடு, சி.இ.ஏ. பார்த்த பிரிவில் 6.7 விழுக்காடு. ஆயுள் கூடியதா என்பதில் தெளிவான வேறுபாடு கிட்டவில்லை. ஆனாலும் எண் ஏறினால் செய்வதற்கு ஒரு காரியம் இருக்கிறது.

சினைப்பைப் புற்றில் அதுவே சிக்கல். சிகிச்சை முடிந்து சி.ஏ. 125 இயல்புக்கு வந்த பெண்களிடம் ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் கார்டன் ரஸ்டின் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். முடிவை நோயாளிக்கும் மருத்துவருக்கும் சொல்லவில்லை. அளவு இயல்பு எல்லையின் இருமடங்கைத் தாண்டிய 529 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உடனே கீமோ தொடங்கினார்கள். மறு பிரிவுக்குத் தொந்தரவு தெரியும்வரை காத்திருந்தார்கள். முதல் பிரிவினர் ஏறத்தாழ ஐந்து மாதம் முன்னதாகவே கீமோவுக்குள் போனார்கள். வாழ்ந்த காலம் இடைநிலையாக முதல் பிரிவில் 25.7 மாதம், இரண்டாவதில் 27.1 மாதம், உண்மையில் வேறுபாடு இல்லை. முன்னால் தொடங்கியவர்களின் அன்றாட நலம்தான் சீக்கிரம் குலைந்தது. 2010இல் இது வெளியானபோது, நம்பி வந்த பழக்கம் ஒன்று ஆட்டம் கண்டது. அதன்பின் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்குத் திரும்பிய நோயை அறுத்து எடுப்பது ஆயுளைக் கூட்டுவதாக 2021இல் வந்த ஆய்வு காட்டியதால், அத்தகையவர்களுக்கு ஏற்றத்தை முன்கூட்டி அறிவதில் பொருள் இருக்கலாம். மார்பகப் புற்று குணமாகி எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களுக்கு சி.ஏ. 15-3 தொடர்ந்து பார்க்கத் தேவையில்லை என்றே அமெரிக்க வழிகாட்டிகள் சொல்கின்றன. நம் ஊரில் அது இன்னும் தாராளமாக எழுதப்படுகிறது.

ஆய்வகத்தின் பிழைகளும் ஒரு பக்கம். 2000இல் 'லான்செட்' இதழில் லாரன்ஸ் கோல் உள்ளிட்டோர் 12 பெண்களைப் பற்றி எழுதினார்கள். ரத்தத்தில் எச்.சி.ஜி. நீடித்ததால் புற்று என்று கருதி அவர்களில் பலருக்கு அறுவையும் கீமோவும் நடந்திருந்தன. யாருக்கும் புற்றே இல்லை. அவர்களின் ரத்தத்திலிருந்த ஆன்டிபாடிகள் சோதனைக் கருவியை ஏமாற்றியிருந்தன. இந்த ஆன்டிபாடி சிறுநீருக்குள் போகாது, சிறுநீரில் எச்.சி.ஜி. பார்த்திருந்தால் இல்லை என்று வந்திருக்கும். முடிக்கும் நகத்துக்கும் என்று கடையில் வாங்கிச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையும் சில கருவிகளில் அளவைப் பொய்யாகக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் இதை எச்சரித்தது. ஒரே ரத்தத்துக்கு இரு நிறுவனக் கருவிகள் வேறு வேறு எண் தருவது சாதாரணம். அதனால்தான் தொடர் கண்காணிப்பில் இருப்பவர் லேப் மாற்றக் கூடாது என்கிறார்கள். கீமோ தொடங்கிய முதல் சில வாரங்களில், சாகும் அணுக்கள் உள்ளிருப்பதைக் கொட்டுவதால் எண் ஏறிவிட்டு இறங்குவதும் உண்டு. அந்த ஏற்றத்தைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டுவது தவறு.

ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளைப் படித்து ஐம்பது வகைப் புற்றுகளைச் சொல்வதாக இப்போது புதிய சோதனைகள் வந்திருக்கின்றன. நுட்பம் வியப்பூட்டுவதுதான். ஆனால் பழைய கணக்கு இவற்றையும் விடவில்லை. அமெரிக்காவில் 6,621 பேரிடம் நடந்து 2023இல் வெளியான பாத்ஃபைண்டர் ஆய்வில் 92 பேருக்குப் புற்று அடையாளம் வந்தது. 35 பேருக்கே புற்று உறுதியானது. மீதி 57 பேரில் பெரும்பாலோர் ஸ்கேன் ஸ்கேனாக அலைந்தார்கள். இறப்பைக் குறைக்கிறது என்று காட்டாதவரை இதையும் சி.ஏ. 125 வரிசையில் வைத்தே பார்க்க வேண்டும்.

இறப்பைக் குறைத்ததாக நிறுவப்பட்ட சோதனை ஒன்று நம்மிடமே இருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவ மையமும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையோடு சேர்ந்து 30 முதல் 59 வயதுள்ள கிராமத்துப் பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தின. பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்த்தார்கள். ஒரே ஒரு முறைதான். ஏழு ஆண்டுக் கண்காணிப்பில் கருப்பை வாய்ப் புற்றால் இறப்பது 35 விழுக்காடு குறைந்ததாக 2007இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. செக்கப் பேக்கேஜில் சி.ஏ. 125 வாங்கும் பெண்களில் எத்தனையோ பேர் கருப்பை வாய்ச் சோதனை செய்துகொண்டதே இல்லை. எனக்கு இதில் வருத்தத்தைவிடக் கோபமே மிகுதி.

ஏற்கெனவே கூடிய எண்ணோடு ரிப்போர்ட் கையில் இருப்பவர் முதலில் செய்ய வேண்டியது, சில வாரம் கழித்து அதே லேபில் மறுபடி பார்ப்பது. பெண்ணாக இருந்தால் மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்து, பி.எஸ்.ஏ. என்றால் சிறுநீர்த் தொற்று இல்லை என்று பார்த்து, பயோட்டினை நிறுத்திவிட்டு. எல்லையை ஒட்டிச் சற்றே கூடிய எண் பல சமயம் அடுத்த முறை இறங்கிவிடும். இரண்டு மூன்று முறையும் ஏறுமுகமாக இருந்தால் மருத்துவர் உடம்பைப் பார்த்து எந்த ஸ்கேன் தேவை என்று சொல்வார். சிகிச்சை முடிந்து கண்காணிப்பில் இருப்பவருக்குக் கேள்வி வேறு. அடுத்த ரத்தத்தைக் கொடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடலாம்: இந்த எண் ஏறினால் என் சிகிச்சையில் எதை மாற்றுவீர்கள்? குடல் புற்று நோயாளிக்கும் விதைப்பைப் புற்று நோயாளிக்கும் இதற்குத் தெளிவான பதில் கிடைக்கும். வேறு சிலருக்கு மருத்துவர் கொஞ்சம் யோசித்து, எதையும் மாற்ற மாட்டோம், தொந்தரவு வந்தால் பார்ப்போம் என்பார். அப்படியானால் இந்த மாதம் ரத்தம் கொடுக்க வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுப்பதில் எந்தத் தவறும் இல்லை.